திரளாத துளி

ஆஸ்பத்திரியில் மற்ற எல்லோருக்கும் முழுப் பெயர் இருந்தது. ரத்த வங்கியில் வேலை பார்த்த அவளுக்கு ஓர் எழுத்துதான் கிடைத்தது. ‘ஓ அக்கா’ என்பார்கள். புதிதாக வரும் டாக்டர்கள், யாரோ அவளைக் கண்டு ஆச்சரியப்பட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆச்சரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓ குரூப் ரத்தம் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அவள் நம்பமாட்டாள். கடவுளே வந்து கையெழுத்துப் போட்டாலும் இன்னொரு தரம் சோதித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதனால் வந்த பெயர்.

ரத்த வங்கி தரைத்தளத்தில், மருந்துக் கவுண்டரைத் தாண்டி, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நெஞ்சு உயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக வார்டுகளிலிருந்து, சோதிக்க வேண்டிய ரத்தம் அடைத்த சின்னக் குழாய்கள் உள்ளே வரும், ரத்தப் பைகள் வெளியே போகும். கைகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது. நோயாளி பிழைத்தால் டாக்டருக்குக் கைராசி என்பார்கள், நர்ஸுக்குப் புண்ணியம் என்பார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளியவரைக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். லேபுக்கு ராசியும் கிடையாது, புண்ணியமும் கிடையாது. ரிப்போர்ட் லேட்டானால் திட்டு மட்டும் தவறாமல் வந்து சேரும். அக்கா அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. முப்பத்து மூன்று வருஷமாக அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற இன்னும் நாலே மாசம். அவளுடைய கவலை வேறு.

அந்தக் கவலையைச் சொல்ல, முதலில் அவளுடைய வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை இரண்டு இடத்தில் பொட்டு வைத்து, ஒன்றின் மேல் ஏ மருந்தும் இன்னொன்றின் மேல் பி மருந்தும் ஒவ்வொரு துளி விடுவார்கள். பால் திரிந்த மாதிரி எங்கே ரத்தம் திரளுகிறதோ அதுதான் குரூப். இரண்டிலும் திரளாவிட்டால் ஓ. இவ்வளவுதான் சங்கதி. அதன்பிறகு கொடுக்கப்போகும் பையோடு கலந்து பொருத்தம் பார்ப்பார்கள். பொருந்தினால் ‘சேருது’ என்பார்கள், பொருந்தாவிட்டால் ‘சேரலை’. உலகத்தில் எத்தனையோ உறவுகள் முடிவாவது இந்த இரண்டு வார்த்தையில்தான் என்றாலும், ரத்த வங்கியில் அதைச் சொல்கிறவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் சொல்வார்கள்.

ஓ அக்கா மட்டும், ஓ என்று முடிவான ஒவ்வொரு ரத்தத்தையும் எடுத்து, குளிர்பெட்டியின் மூலையில் வைத்திருக்கும் ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து இன்னொரு துளி விட்டுப் பார்ப்பாள். நிஜமான ஓ அந்தத் துளியில் திரளும். பத்தாயிரத்தில் ஒன்று திரளாது. அந்த ஒன்று, ஓ மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கும் வேறு ரத்தம். லேபில் அதை ஓ-ஹெச் என்பார்கள். அந்த ஆளுக்கு ஓ ரத்தம் ஏற்றினால், உள்ளே போன ரத்தத்தை அவருடைய உடம்பே அடித்து நொறுக்கிவிடும், அதிலேயே உயிரும் போகும். அவரைப் போலவே ஓ-ஹெச் ரத்தம் உள்ள இன்னொருவர்தான் அவருக்குக் கொடுக்க முடியும்.

“பொருத்தம் பார்க்கறப்போ எப்படியும் தெரிஞ்சுடப் போகுது. எதுக்கும்மா மருந்தை வீணாக்கறே?” என்று லேப் பொறுப்பாளர் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்பார்.

“அவசரம்னு வந்தா பொருத்தம் பார்க்க விடுவாங்களா சார்? பையைக் குடுன்னு பிடுங்கிட்டுப் போவாங்க” என்பாள் அக்கா. அவர் தலையில் அடித்துக்கொண்டு மருந்துக்குக் கையெழுத்துப் போடுவார்.

அவளுடைய ரத்தமும் ஓ-ஹெச்தான். அவளுக்கே அது தெரியவந்தது பத்தொன்பதாவது வயதில். தம்பிக்கு அப்போது ஒன்பது. வயிற்று வலி என்று துடித்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் கட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். இருந்த ஓ பையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் சேரவில்லை. அப்பா சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். அவர் கையை நீட்டினார், சேரவில்லை. அம்மா நீட்டினாள், சேரவில்லை. கடைசியில் லேபிலிருந்து ஒருவர் வெளியே வந்து, சுவரோரம் நின்ற அவளைப் பார்த்து விரலை நீட்டி, “இந்தப் பொண்ணோடது சேருது” என்றார். அந்த வார்த்தையில்தான் அவள் வாழ்க்கை திரும்பியது. டைப்ரைட்டிங் வகுப்பை விட்டுவிட்டு லேப் படிப்பில் சேர்ந்ததற்கு அவள் வேறு காரணம் சொன்னதில்லை.

தம்பிக்கு வலது அடிவயிற்றில் ஒரு விரல் நீளத் தழும்பும், வாய் நிறையப் பெருமையும் மிஞ்சின. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வருவான். “நான் எங்கக்கா ஓடினேன்? உள்ள உன் ரத்தம் ஓடுது, அது ஓடினா நானும் கூட ஓட வேண்டியதுதானே?” என்பான். தோற்ற அன்றைக்கு, “இன்னைக்கு என்னக்கா ஆச்சு உனக்கு? ஓடவே இல்லை” என்று அவள் மேலேயே பழியைப் போடுவான். அவனுக்குப் பதினோரு வயதில் அம்மா போனாள். அதன்பிறகு அவனைக் குளிப்பாட்டாத குறையாக வளர்த்ததெல்லாம் அக்காதான். கல்யாணமாகிப் போனபோதும் அவனையும் கூட அழைத்துக்கொண்டுதான் போனாள். “பொண்ணோட சீர் இதுதானா?” என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். நல்ல மனிதர், மைத்துனனை மகன் மாதிரி வைத்துக்கொண்டார்.

பையன் ஒரு வேலையிலும் நிற்கவில்லை. அச்சகம், சைக்கிள் கடை, ஒரு கூரியர் கம்பெனி. மூன்றையும் மூன்று மாசத்துக்கு ஒன்றாக விட்டான். அவனுக்கு இருபத்து நாலு வயது நடந்தபோது ஒரு நாள், இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கால் வீங்க வீட்டுக்கு வந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, நாலாவது வேலையையும் விட்டுவிட்டதாகச் சொன்னான். அவளுக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ.

“ஒரு தடவை என் ரத்தத்தை உறிஞ்சினது போதாதாடா? இன்னும் எத்தனை நாளைக்கு உறிஞ்சப் போறே?”

எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். காலையில் அம்மா சொல்வாள், சாயங்காலம் அதே வாயால் சாப்பிடக் கூப்பிடுவாள். மற்ற வீடுகளில் அது வெறும் பேச்சு. அந்த வீட்டில் அது நடந்த சம்பவம். தம்பி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். கையைக் கழுவினான், என்றைக்கும் இல்லாத வழக்கமாகத் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தான். மறுநாள் காலையில் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு போனவன்தான். பசித்தால் வந்துவிடுவான் என்று அவள் சாயங்காலம் வரைக்கும் கோபமாகவே இருந்தாள்.

தேடாமல் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள், பேப்பரில் போட்டோ போட்டாள், அவன் வேலை பார்த்த இடமெல்லாம் ஏறி இறங்கினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். ஓ-ஹெச் ரத்தம் உள்ளவர்களின் பட்டியல் ஒன்று வட்டாரத்து ரத்த வங்கிகளுக்கெல்லாம் பொதுவாக இருந்தது. மொத்தம் பதினோரு பேர். அதில் அவள் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. வருஷாவருஷம் புதுப் பட்டியல் வரும்போது முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பாள்.

கால்கள் ஓய்ந்த பிறகு அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். எந்தத் திசையில் போயிருந்தாலும் ஒரு நாள் அவனுக்கு ரத்தம் தேவைப்படாமலா போகும்? அன்றைக்கு அவன் ரத்தம் அக்காவைத் தேடிக்கொண்டு வந்துதானே ஆகவேண்டும்? அவளைத் தவிர அதற்குப் போக்கிடம் ஏது? இதுதான் அவளுடைய கணக்கு. அதனால்தான் ஒவ்வொரு ஓ குழாயிலும் அந்த இன்னொரு துளி. துளி திரண்டுவிட்டால், அவன் இல்லை. ஓ என்று எழுதி அடுத்ததை எடுப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இப்படி ஏமாறுவாள். இருபத்து நாலு வருஷத்தில் இரண்டே இரண்டு தடவைதான் துளி திரளவில்லை. ஒன்று பிரசவத்துக்கு வந்த பெண், இன்னொன்று பல்லெல்லாம் போன எழுபது வயதுக்காரர். இரண்டு பேருக்கும் அக்காதான் ரத்தம் கொடுத்தாள்.

“நம்ம வீட்ல சண்டை வந்து எனக்கு ரத்தம் கொட்டினா ஊர்ல யாராவது கொடுப்பாங்க. உனக்குக் கொட்டினா என்னடி பண்றது?” என்று வீட்டுக்காரர் கேட்பார். “அதனாலதான் உங்களை அடிக்கவிடாம நானே அடிக்கிறேன்” என்பாள். பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள், ஆனால் மனசுக்குள், எனக்குக் கொட்டினால் கொடுக்க ஒருத்தன் இருக்கிறான், எங்கே இருக்கிறான் என்றுதான் தெரியவில்லை என்று ஓடும். ஓய்வு பெறும் தேதியை எழுத்தில் கொடுத்த நாளிலிருந்து அந்த ஏக்கம் இன்னும் கூடியது. அவள் போனபிறகு அவன் ரத்தம் வந்தால் யார் அந்த இன்னொரு துளியை விடுவார்கள்?

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. அவளோடு அந்த ஷிப்டில் இருந்தவரை எல்லோரும் ‘அவசரம்’ என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இருந்தும் மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி யாரும் பார்த்ததில்லை. எமர்ஜென்சியிலிருந்து ஒரு குழாய் வந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 45–50’ என்று ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் பஸ் பின்னால் வந்தது தெரியாமல் மாட்டிக்கொண்டவர். பையையும் போனையும் கூட்டத்தில் எவனோ புண்ணியவான் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

“அக்கா, ஓ பாசிட்டிவ். ரெண்டு பை எடுத்துட்டேன்” என்றார் அவசரம். “பொருத்தம் பார்க்காமலே குடுங்கன்னு டாக்டர் எழுதியே அனுப்பிட்டாங்க.”

“ஒரு நிமிஷம் இரு.”

“ஒரு நிமிஷமெல்லாம் கிடையாதுக்கா. தொடை எலும்பு ரெண்டா உடைஞ்சு ரத்தம் கொட்டுதாம்.”

“அப்போ அரை நிமிஷம் இரு.”

சின்னப் பாட்டிலை எடுத்தாள். ஒரு துளி விட்டாள். கண்ணாடிச் சில்லை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ரத்தம் வழவழவென்று ஓடியது, திரளவில்லை. புதுச் சில் எடுத்து மறுபடியும் செய்தாள். மறுபடியும் திரளவில்லை. அவசரம் பைகளோடு ஜன்னலை நெருங்கியவர் அப்படியே நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் மெதுவாகத் திரும்பி வந்து, எடுத்த பையிலிருந்து ஒரு சொட்டை நோயாளியின் ரத்தநீரோடு கலந்து மெஷினில் சுழற்றிப் பார்த்தார். அடியில் கட்டி கட்டியாகத் திரண்டு கிடந்தது.

“சேரலைக்கா” என்றார். இன்னும் பத்தடி நடந்திருந்தால் அந்தப் பைகள் ஜன்னலைத் தாண்டியிருக்கும்.

போன் அடித்தது. எமர்ஜென்சி டாக்டர், குரலில் நெருப்புப் பறந்தது.

“ரத்தம் எங்கக்கா?”

“அனுப்ப முடியாது டாக்டர். இவருக்கு ஓ கொடுக்கக் கூடாது.”

“சரி, ஓ நெகட்டிவ் அனுப்புங்க.”

“எந்த ஓவும் கூடாது. ஓ-ஹெச். ஏத்தினா ஆள் போயிடுவார்.”

“ஏத்தலைன்னாலும் போயிடுவார்க்கா!”

“ஒன்றரை மணி நேரம் எப்படியாவது தாக்குப்பிடிக்க வைங்க. சரியான ரத்தம் வருது.”

“எங்கேருந்து?”

“என்கிட்டேருந்து” என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் குழாயில் ஒட்டியிருந்ததை மறுபடியும் படித்தாள். ஆண். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது. தம்பிக்கு நாற்பத்தெட்டு. பாசிட்டிவ். பத்தாயிரத்தில் ஒன்று. இத்தனையும் ஒரே ஆளிடம் வந்து சேருமா? நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவசரத்துக்கு இந்தத் தம்பி கதை தெரியும். லேபில் தெரியாதவர்கள் இல்லை.

“அக்கா, மேல போய் ஒரே ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடுங்களேன். ரெண்டு நிமிஷம்தான்.”

“முதல்ல ரத்தம். பார்க்கறதெல்லாம் அப்புறம்.”

கேட்கிறவர்களுக்கு இது கடமை மாதிரிதான் தெரியும். அது பாதிதான். மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மேலே போய்ப் பார்த்து, அவன் இல்லை என்று தெரிந்துவிட்டால், அதோடு முடிந்தது. பார்க்காத வரைக்கும் அவன்தான். இருபத்து நாலு வருஷமாகப் பத்து நொடிக்கு மேல் நீடிக்காத நம்பிக்கை, இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நீடிக்கப் போகிறது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அவளுக்கு ரத்தச் சத்தும் பிரஷரும் பார்த்தார்கள், நோய்ச் சோதனைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் கொடுப்பவர்களுக்கான கட்டிலில் படுத்தாள். ஊசியைப் போட்டது அவசரம்தான், தன் குழந்தைக்குப் போடுகிறவர் மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டார். பை தராசில் ஆடிக்கொண்டு நிரம்பியது. அக்கா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மனசு மாடிக்கு ஏறிப்போய் அவனோடு பேச ஆரம்பித்துவிட்டது. எடுத்துக்கோடா. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. தலை நரைச்சிடுச்சா உனக்கும்? கல்யாணம் பண்ணிக்கிட்டியா? உன் பிள்ளைங்களுக்கு ரத்தம் என்ன குரூப்புன்னு பார்த்தியா? பார்க்காம இருந்திருப்பே, சோம்பேறி. கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குள் போயிற்று, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது. சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்த நேரத்தைவிடச் சந்தோஷமாக அவள் அந்த இருபத்து நாலு வருஷத்தில் இருந்ததில்லை.

பட்டியலில் இருந்த ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு அவசரம் போன் போட்டார். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ஐந்து மணிக்குள் வந்து இன்னொரு பை கொடுப்பதாகச் சொன்னார், சொன்னபடியே வந்தும் சேர்ந்தார். அதற்கு முன்னால் அக்காவின் ரத்தத்தில் நோய்ச் சோதனைகள் முடிந்தன. கடைசியாகப் பொருத்தம்.

“சேருதுக்கா” என்றார் அவசரம். கொட்டாவி விடவில்லை.

“கொஞ்ச நேரம் படுங்கக்கா” என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, பையை அக்காவே எடுத்துக்கொண்டு மேலே போனாள். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஓ அக்காவா? உங்களுக்கு மேல வர வழி தெரியுமா? முப்பது வருஷமா கீழேயே இருப்பீங்களே!” என்று சிரித்தவள், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

முகம் வீங்கிப்போய்ப் பாதி கட்டுக்குள் இருந்தது. கண் இருந்த இடமே தெரியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவளுக்கு ஆடியது. போர்வைக்கு வெளியே தெரிந்த நீண்ட விரல்கள் அவன் விரல்கள்தான். காது மடல் அப்பாவுடையது. பாதம்கூட அவனுடைய பாதம். நர்ஸ் பையைத் தொங்கவிட்டாள். முதல் சொட்டு இறங்கியது.

“கொஞ்சம் போர்வையை விலக்கேன்மா. வலது பக்கம், அடிவயித்துல.”

“எதுக்குக்கா?”

“ஆபரேஷன் தழும்பு இருக்கான்னு பார்க்கணும்.”

“தழும்பெல்லாம் ஒண்ணும் இல்லையே. நான்தானே உடம்பு துடைச்சேன்” என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் போர்வையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. குழந்தை வயிறு மாதிரி சுத்தமாக இருந்தது. ஆடிய தசைக்கு என்ன தெரியும்? அது ஆசைப்பட்ட பக்கமெல்லாம் ஆடும்.

அவளுக்கு அந்த மனிதன் மேல் கோபம் வந்தது. இந்த ரத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டு நீ வேறு யாராகவோ இருக்கலாமா? யாரைக் கேட்டு இருந்தாய்? பையைப் பார்த்தாள், சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கென்று கொடுத்தது, எவனுக்கோ போகிறது. இப்படி நினைத்ததற்காக அவள் பிறகு பல நாள் வெட்கப்பட்டாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான். ரத்தம் ஏற்ற ஆரம்பித்த முதல் கால் மணி நேரம் யாராவது பக்கத்திலேயே நின்று, காய்ச்சலோ நடுக்கமோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். நர்ஸுக்கு நாலு படுக்கை இருந்தது. “நீ போ, நான் நிக்கறேன்” என்றாள் அக்கா. நின்றாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், நாடி பிடித்துப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், “அவன் இல்லை” என்று மட்டும் சொன்னாள். அவசரம் மத்தியானமே வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருந்தார் போலிருக்கிறது. அவர் டிவியை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் ரத்த வங்கி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. கை வருகிற இடத்தில் முகம் வந்தால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். அறுபதை நெருங்கும் ஒரு அம்மாள், தோளில் பஸ் பயணத்துப் பையோடு, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இங்க ஓ அக்கான்னு சொல்றாங்களே, அது யாருங்க?”

பெயர் தெரியாத ஆணின் அக்கா அவர். புதன்கிழமை நினைவு திரும்பியதும் அந்த மனிதர் முதலில் சொன்னது தன் அக்காவின் போன் நம்பரைத்தான். அந்த அம்மாளையும் சோதித்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு பை உதவும். ஓ அக்கா அவரை உள்ளே உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள். ஏ மருந்தில் பளிச்சென்று திரண்டது.

“உங்களோடது சேரலைம்மா.”

“இது என்னங்க கூத்து? கூடப் பொறந்தவ எனக்குச் சேரலை. யாரோ எவரோ உங்களுக்குச் சேர்ந்துருக்கு.” அந்த அம்மாள் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், பிறகு ஓ அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஊசி போட்ட இடத்துப் பஞ்சு கீழே விழுந்தது. “பஸ்ல வர்ற வழியெல்லாம் என் உசிரு என்கிட்ட இல்லைங்க. நர்ஸ் போன் பண்ணி ‘உங்க தம்பி’ன்னு ஆரம்பிச்சாங்க. அடுத்து ‘ஆஸ்பத்திரி’ன்னாங்க பாருங்க, எனக்கு அதுக்கு மேல காது கேக்கலை. கூடப் பொறந்தவன் எங்க வேணா போகட்டும், பேசாமகூட இருக்கட்டும். இந்த வாசலுக்கு வரணும்னு எந்த அக்காவாவது நினைப்பாளா?”

ஓ அக்கா கையை விடுவித்துக்கொண்டு, விழுந்த பஞ்சை எடுக்கக் குனிந்தாள்.

அவள் நினைத்திருந்தாள். இருபத்து நாலு வருஷமாக, ஒரு நாள் விடாமல், நாளைக்குப் பத்துத் தடவை அதைத்தான் நினைத்திருந்தாள். அவன் ரத்தம் அந்த ஜன்னல் வழியாக வரவேண்டும் என்றால் அவன் உடம்பு எங்கே கிடக்க வேண்டும், எப்படிக் கிடக்க வேண்டும் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. ஒரு துளி திரளும்போதெல்லாம் ஏமாந்து போனாளே, அந்த ஒவ்வொரு துளியும், உன் தம்பிக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தது? முந்தாநாள் கட்டிலில் கிடந்து சந்தோஷப்பட்டாளே, எதற்கு? தொடை முறிந்து, முகம் பிய்ந்து கிடக்கிறவன் தன் தம்பியாக இருக்க வேண்டும் என்றா? ரத்தத்தைப் பற்றித் தெரியாத விஷயம் இல்லை அவளுக்கு. இது மட்டும் தெரியாமல் போயிற்று.

“என்னங்க, உங்களுக்கு மயக்கமா வருதா? உக்காருங்க” என்று அந்த அம்மாள் பதறி அவளைத் தாங்கிக்கொண்டார்.

“ஒண்ணுமில்லைம்மா.”

“அன்னைக்கு ரத்தம் கொடுத்தது இன்னும் தெளியலை போலிருக்கு. பெத்த தாய் மாதிரி வந்து கொடுத்தீங்க.” அந்த அம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, பேச்சை மாற்றுகிறவர் போலக் கேட்டார். “உங்களுக்குத் தம்பி, தங்கச்சி யாராவது இருக்காங்களா?”

“தம்பி இருக்கான்.”

“எங்க இருக்கார்?”

வெளியே ஜன்னலில் ஒரு கை வந்து ஒரு குழாயை வைத்துவிட்டுப் போயிற்று. அவசரம் எழுந்து அதை எடுக்கப் போனார்.

“தெரியலைம்மா” என்றாள் ஓ அக்கா. “எங்க வேணா இருக்கட்டும். என்கிட்ட மட்டும் வராம இருக்கட்டும்.”